கதையின் கடைசியில் பாடம் வேண்டாம்

இரவில் தூங்க வைக்க, பரீட்சை பயத்தைக் குறைக்க, ஊசி போடப் போகும்போது அழாமல் இருக்க என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் மறுபடி வந்துகொண்டிருக்கிறது. உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கதை முடியும் இடத்தில், "பாத்தியா, அந்த முயல் பயப்படாம படிச்சுது, நீயும் அப்படி இருக்கணும்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அதுவரை தளர்ந்திருந்த குழந்தையின் முகம் அந்த ஒரு வரியில் இறுகிப்போகும். ஆறுதலுக்கு வந்ததாக நினைத்த கதை தன்னைத் திருத்த வந்தது என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

மனசு பதறிப்போயிருக்கும் குழந்தைக்குச் சொல்லும் கதையில் நீதி இருக்கவே கூடாது என்பது என் கருத்து. நீதிக்கதைகளுக்குப் பகலில் இடம் உண்டு. பள்ளியில் உண்டு. பயந்து சுருண்டு படுத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அவை வேண்டாம்.

கொளத்தூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். காலாண்டு, அரையாண்டு நெருங்கும்போது அந்தச் சின்ன அறையிலேயே மாற்றம் தெரியும். வயிறு வலிக்குது மிஸ் என்பார்கள். அடிக்கடி பாத்ரூம் போவார்கள். விரல் நகம் சதை வரைக்கும் கடிபட்டிருக்கும். "எனக்கு டென்ஷனா இருக்கு" என்று வாய் திறந்து சொல்லத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. உடம்புதான் சொல்கிறது. அப்படி இருக்கும்போது உடம்புக்குப் போய்ச் சேராத புத்திமதியால் என்ன பயன்?

2021-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அரைமணி நேரம் போலக் கதை. இன்னொரு குழுவுக்கு அதே நேரம் விடுகதை விளையாட்டு. முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் ஹார்மோன் இரண்டு குழுவிலுமே குறைந்தது. கதை கேட்டவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. நெருக்கத்தோடும் நம்பிக்கையோடும் தொடர்புடைய ஆக்ஸிடோசின் அவர்களுக்கு அதிகமாக ஏறியது. வலியும் அதிகமாகக் குறைந்தது. பிறகு மருத்துவமனை, நர்ஸ் மாதிரியான படங்களைக் காட்டிக் கேட்டபோது, கதை கேட்ட குழந்தைகள் அவற்றைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள்.

விடுகதையும் அன்பாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவதுதானே, அதற்கும் கதைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். விடுகதைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கதை கேட்கிற பிள்ளையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இது ஆய்வாளர்கள் சொன்னதல்ல, என் ஊகம். ஆனால் நீதியை நான் இவ்வளவு பலமாக எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். கடைசியில் ஒரு பாடத்தைச் சேர்த்த உடனே கதையும் ஒரு பரீட்சை ஆகிவிடுகிறது.

நம் ஊரில் கதை கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ஆயா கதையை நிறுத்திவிடுவார். நூலகத்தில் இதைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் தெரிந்தது. உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று இழுக்கும்போது மூச்சு மெதுவாக, நீளமாக வெளியே போகிறது. மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணியும் என்பது உடலியல். "ஆழமா மூச்சு விடு" என்று பதறும் பிள்ளையிடம் சொன்னால் அது இன்னும் பதறும். 'ம்' கொட்டச் சொன்னால் விளையாட்டாகச் செய்யும். சொல்கிறவருக்கும் அது வழிகாட்டி. ஆரம்பத்தில் சுறுசுறுப்பாக வரும் 'ம்' போகப்போகத் தாமதமாகும். அதற்கேற்ப நாமும் குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். 'ம்' நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளாமலேயே தூங்கும். அதனால் குறை ஒன்றும் இல்லை.

என்ன கதை சொல்வது என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது தன் பெயரை மறந்த ஈயின் கதை. தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்ததுதான். வீட்டை மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கொழுகொழு கன்றைக் கேட்கிறது, கன்றின் தாயைக் கேட்கிறது, மாடு மேய்ப்பவரைக் கேட்கிறது, அவர் கைக் கோலை, கோல் வளர்ந்த மரத்தை, மரத்தில் இருக்கும் கொக்கை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் முழுக்கத் திரும்ப வரும், கூட ஒன்று சேரும். கடைசியில் குதிரை கனைக்கும்போது அந்தச் சத்தத்திலேயே ஈக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

பரீட்சை ஹாலில் படித்தது மறந்துவிடுமோ என்று நடுங்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. தன் பெயரையே மறந்த ஈயை அந்தக் கதையில் யாருமே திட்டுவதில்லை. "ஏன் மறந்தே, ஒழுங்கா படிச்சியா" என்று கன்றும் கேட்பதில்லை, கொக்கும் கேட்பதில்லை. எனக்குத் தெரியாது, அடுத்தவரைக் கேள் என்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் பட்டியலும் முக்கியம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவது பயந்த மனசுக்குப் பெரிய பிடிமானம். அதனால்தான் பிள்ளைகள் ஒரே கதையைத் தினமும் கேட்கிறார்கள். நமக்குச் சலிக்கலாம். அவர்களுக்குச் சலிப்பதில்லை, விட்டுவிடுங்கள்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீரும் இருட்டுமாக இருந்தது. அப்போது யூகேஜி படித்த குழந்தைகளுக்குக்கூட அது மனசில் நிற்கிறது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரியில் பெரியவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் "தண்ணியெல்லாம் வராது" என்று முடியும் கதையைச் சொல்லாதீர்கள். வரலாம். வந்தால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும்.

தண்ணீர் வந்த கதையையே சொல்லுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு தாழைக்கோழி. மழை பெய்கிறது, கூட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது. தாழைக்கோழிக்குப் பயமாக இருக்கிறது. குஞ்சுகளை ஒவ்வொன்றாக உயரமான நாணல் புதருக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. எல்லாம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மழை விடுகிறது. தண்ணீர் மெதுவாகக் கடலைப் பார்த்து இறங்குகிறது. கதை அவ்வளவுதான். அந்தக் குஞ்சுகளோடு யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் பிள்ளையே சேர்த்துக்கொள்ளும். "நீ பயந்தியா?" என்று நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லும் பிள்ளை, தாழைக்கோழிக்குப் பயமா இருந்துச்சு, ஏன்னா இருட்டா இருந்துச்சு, அப்பா ஃபோன் எடுக்கலை என்று அதன் வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

யூடியூபில் போட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று. நல்ல குரலில் நல்ல கதைகள் அதில் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபோன் 'ம்'முக்காகக் காத்திருக்காது. பிள்ளையின் கண் சொருகுவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்காது. ஓஎம்ஆரில் வேலை முடிந்து டிராஃபிக்கில் அலுத்து எட்டரை மணிக்கு வீடு வரும் அம்மா அப்பாவுக்கு இது கூடுதல் பாரம் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் போதும். களைத்த குரலே போதும். சொல்லப்போனால் களைத்த குரல் இன்னும் நல்லது, அது தானாகவே மெதுவாக வரும். நடிக்க வேண்டாம், சிங்கம் மாதிரி கர்ஜிக்க வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. ஆறாம் வகுப்பிலேயே நீட் ஃபவுண்டேஷன், பள்ளி முடிந்ததும் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று அட்டவணை போட்டுவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு வர இரவில் கதை சொல்வது நியாயமில்லை. பாரத்தை இறக்கக்கூடிய இடத்தில் முதலில் இறக்க வேண்டும். அதேபோல வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாத பிள்ளையை, பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளையை, செத்துப்போகலாம் போல இருக்கு என்று சொல்லும் பிள்ளையைக் கதையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. குழந்தைகளே கூப்பிடக்கூடிய எண் 1098.

நூலகத்தில் சொல்ல எனக்குக் கதைகள் வேண்டும். உங்கள் ஆயா, அப்பாயி, அம்மாச்சி, தாத்தா சொன்ன கதைகளை அவர்கள் பேச்சு வழக்கிலேயே கீழே எழுதுங்கள். ஈ கதையில் கொக்குக்கு அப்புறம் யார் யார் வருவார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதையும் எழுதுங்கள். நீதியை மட்டும் விட்டுவிடுங்கள்.