குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், ஆம்பளைக்கு அரை மணி நேரம் கூட ஆகாதுங்க
உங்க கட்டுரையில 2019-21 தேசிய குடும்ப நல சர்வே பத்தி எழுதிருக்கீங்க, நல்லது, ஆனா முக்கியமான நம்பர விட்டுட்டீங்களே, கல்யாணமானவங்கள்ல பொண்டாட்டி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது 37.9 சதவீதம், புருஷன் பண்ணிக்கிட்டது வெறும் 0.3. எங்க அக்காவுக்கு ரெண்டாவது சிசேரியன் அப்போ "கையோட அதையும் முடிச்சிரலாமா"ன்னு கேட்டாங்க, வெளில டீ குடிச்சிட்டு நின்ன மாமாவ ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. ஆம்பளைக்கு தையல் கூட இல்ல, அன்னிக்கே வீட்டுக்கு வந்துரலாம், ஒரு மூணு மாசம் காண்டம் யூஸ் பண்ணிட்டு விந்து டெஸ்ட் எடுத்துப் பாக்கணும் அவ்ளோதான், இதுக்குப் போய் ஆண்மை போயிடும் வெயிட் தூக்க முடியாதுன்னு ஆயிரம் கதை. அந்த காண்டம் வாங்கவே பெரம்பூர் மெடிக்கல் ஷாப்ல நம்மாளு கூட்டம் கலையிற வரைக்கும் தலைவலி மாத்திரை பேரு மறந்த மாதிரி நிப்பான், கடைக்காரரும் பேப்பர்ல சுத்தி கருப்பு கவர்ல போட்டு குடுப்பாரு, ஏதோ திருட்டு சாமான் கணக்கா!