தலைப்பு கேட்டு வரும் பிள்ளைகளுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம்.ஏ. வரலாறு படிக்கிற இரண்டு பெண்கள் காட்பாடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி என் பழைய மாணவி. கோடை விடுமுறைக்குள் ஆய்வுத் தலைப்பை முடிவு செய்துகொண்டு வரச் சொல்லி, துறையில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். வேலூர்க் கோட்டை - ஓர் ஆய்வு. 1806 வேலூர்ப் புரட்சி - ஓர் ஆய்வு. பல்லவர் கட்டடக்கலை - ஓர் ஆய்வு. ஜவ்வாது மலைப் பழங்குடிகள் - ஓர் ஆய்வு. இப்படியே இருபத்தைந்து.

"இதுல எது சார் சீக்கிரம் முடியும்?"

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் கேட்டதும் இதே கேள்விதான். எனக்குக் கிடைத்த தலைப்பு பல்லவர் கோயில் கட்டடக்கலை. நூலகத்தில் உட்கார்ந்து ஐந்தாறு புத்தகங்களைப் பிரித்துப் போட்டு 112 பக்கம் எழுதினேன். முதல் வகுப்பு வந்தது. அதில் மகேந்திரவாடிக் குடைவரையைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. மகேந்திரவாடியை நான் பார்த்ததே இல்லை. காட்பாடியிலிருந்து அரக்கோணம் போகிற பாசஞ்சரில் ஏறினால் அந்தப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வரும். போய்ப் பார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோதுதான் அந்தப் பாறை முன்னால் முதன்முதலாக நின்றேன். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பட்டியலில் உள்ளவை எல்லாம் பெயர்கள். வேலூர்க் கோட்டை ஓர் இடத்தின் பெயர். அதில் கேள்வி எங்கே? கேள்வி இல்லாமல் ஆய்வு தொடங்கினால் என்ன ஆகும் என்பதை, ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் போய்ப் பார்க்கலாம். முதல் இயல் மாவட்டத்தின் எல்லை, மழையளவு, விளைபயிர். இரண்டாம் இயல் பல்லவர் முதல் ஆங்கிலேயர் வரை அரசியல் வரலாறு. சொந்தமாக எழுத வேண்டிய இடம் வருவதற்குள் நூறு பக்கம் ஓடிவிடுகிறது.

அதே கோட்டையில் எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றன! ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் வழிபாடு இல்லாமல் கிடந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. சுண்ணாம்புக்காரத் தெருவிலும் சத்துவாச்சாரியிலும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு மாணவர் போதும். இன்னும் பத்து வருடம் கழித்துப் போனால் யாரைக் கேட்பது? பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது, ஓர் அரசனின் நினைவிடம். இலங்கையில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் பிடிபட்டு, இந்தக் கோட்டையில் காவலில் இருந்து 1832-இல் இறந்தான். அவனோடு வந்த குடும்பத்தார் இங்கே எப்படி வாழ்ந்தார்கள், யார் வீட்டில் சம்பந்தம் செய்தார்கள்? இதைத் தேடிப் போனால் அது ஆய்வு.

மகேந்திரவாடிக்கே திரும்ப வருகிறேன். வயல்வெளியில் தனியாகக் கிடக்கிற ஒரே பாறை. அதைக் குடைந்து கோயிலாக்கியிருக்கிறார்கள். கல்வெட்டும் அங்கேயே தூணில் இருக்கிறது. குணபரன், அதாவது முதலாம் மகேந்திரவர்மன், மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் மகேந்திர விஷ்ணுகிருகம் எடுத்தான் என்று சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் ஒரே பெயர். நம் மாணவர்கள் கோயிலை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். கல்வெட்டு ஏரியைச் சொல்லித்தான் கோயிலுக்கு இடம் காட்டுகிறது. அப்படியென்றால் ஏரி முந்தியா, கோயில் முந்தியா? ஏரியின் பழைய கரை எது, மதகு எங்கே இருந்தது, எந்த ஊர் வயலுக்குத் தண்ணீர் போனது? காவேரிப்பாக்கம் ஏரியையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேருக்குத் தாராளமாக வேலை இருக்கிறது. வரலாற்று மாணவரோடு நீர்ப்பாசனம் தெரிந்த ஒரு பழைய ஏரிக்காவல்காரரும் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகேந்திரவர்மன் காலத்துத் தூண் கீழே சதுரம், நடுவே எட்டுப்பட்டை, மேலே சதுரம். நடுவில் உள்ள எட்டுப்பட்டைக்குக் கட்டு என்று பெயர். மேல் சதுரத்துக்கும் மேலே, உத்திரத்தைத் தாங்கும் போதிகை. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அதே அரசன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறான். அதுவரை கோயில் எதனால் கட்டினார்கள் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது. இதைப் பள்ளியில் ஒருமுறை நடத்திவிட்டு, தூணின் படத்தை எங்கள் தெருவில் இருந்த ஒரு வயதான மர ஆசாரியிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க வேலை சார்" என்றார். சதுரக் கட்டையின் நான்கு மூலையையும் சீவினால் எட்டுப்பட்டை. எட்டின் மூலைகளைச் சீவினால் பதினாறு. அப்புறம்தான் உருட்டு. மேலேயும் கீழேயும் சதுரத்தை விட்டுவைத்தால்தான் உத்திரமும் அடிக்கல்லும் சரியாக உட்காரும். தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். நான் அத்தனை புத்தகம் படித்தும் எனக்கு விளங்காத ஒன்று ஐந்து நிமிடத்தில் விளங்கியது. குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கம் பழைய வீடுகளில் திண்ணைத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வாரத்துக்கு இரண்டாவது இடிபடுவதை நான் பார்க்கிறேன். ஒரு மாணவர் நூறு திண்ணைத் தூண்களை அளந்து, படம் வரைந்து, செய்த ஆசாரிகளின் சொற்களைச் சேர்த்து எழுதினால் அதற்கு ஈடான புத்தகம் இன்றைக்கு நம்மிடம் இல்லை.

எல்லோரும் கோயிலுக்கே போக வேண்டும் என்பதும் கிடையாது. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடத்தில் கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அதே மண்ணில் இன்றைக்கும் மானாவாரியாகக் கொள்ளு விதைக்கிறார்கள். எப்போது விதைக்கிறார்கள், எப்படிச் சேமிக்கிறார்கள், எந்தச் சடங்கில் வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதலாமே. ஜவ்வாது மலையில் கீழ்செப்பிலிப் பக்கம் பலகைக் கற்களால் எழுப்பிய பெருங்கற்கால அறைகளைக் குள்ளர் வீடு, வாலியர் வீடு என்கிறார்கள். ஏன் அந்தப் பெயர், அந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? இந்த மலையில் வாழும், மலையாளி என்று பெயருள்ள மக்களைப் பழங்குடி என்று தலைப்பில் போட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற ஒரு வரிகூட உள்ளே இல்லாத ஆய்வேட்டை நான் படித்திருக்கிறேன்.

விரிஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் மதிலழகையும் மணிகாட்டும் கல்லையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, விஜயநகர அரசர் தேவராயர் காலத்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடிகர், தமிழர், தெலுங்கர், குஜராத் பக்கத்து இலாளர் எல்லோருமாகக் கூடி ஓர் உடன்பாடு எழுதிக்கொள்கிறார்கள். இனிமேல் திருமணம் என்றால் கன்னிகாதானம்தான். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் அரச தண்டனை உண்டு, குலத்திலிருந்தும் விலக்கு. இவ்வளவு கடுமையாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய அளவுக்கு அன்றைக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? அறுநூறு வருடத்தில் பொன் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு மாறியது? மானுடவியலும் வரலாறும் ஒரே சுவரில் நிற்கின்றன. இந்தக் கல்வெட்டு அச்சாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் பிள்ளைகளிடம் யாரும் இதை எடுத்துக் காட்டுவதில்லை.

இன்னொன்று மாவட்ட எல்லை. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. தலைப்பில் வேலூர் மாவட்டம் என்று போட்டுவிட்டதால் மேற்பாடியை எழுதிய மாணவர் தக்கோலத்தைத் தொடவில்லை. தக்கோலம் இப்போது ராணிப்பேட்டையில் இருக்கிறதாம். 949-இல் தக்கோலத்துப் போரில் யானை மேல் இறந்த இராஜாதித்தனும், மேற்பாடியில் இராஜராஜன் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், எடுத்துக் கொடுத்த அரிஞ்சயனும் சோழ அரச குடும்பத்து உடன்பிறந்தவர்கள். ஒருவனை எழுதும்போது மற்றவனை எப்படி விட முடியும்? சோழர் காலத்தவர்களுக்கு எல்லை வேறு. அவர்கள் வரைந்த எல்லையோடு போக வேண்டுமே தவிர, நேற்று வந்த அரசாணையோடு போகக் கூடாது.

என் சொந்த ஊர் செங்கம் பக்கம். நடுகல் நாடு என்றே சொல்லலாம். எடுத்தனூர் நடுகல்லில் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தியோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் எழுத்து இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எங்கள் ஏரிக்கரையிலும் ஒரு கல் இருந்தது. வேடியப்பன் என்போம். இடக்கையில் வில், வலக்கையில் வாள், தலைக்கு மேல் ஒரு வரி எழுத்து. பொங்கல் சமயத்தில் எண்ணெய் தடவுகிற வேலை சிறுவர்களுடையது. எழுத்தின் பள்ளத்தில் எண்ணெய் இறங்குவதை விரலால் தொட்டிருக்கிறேன். கரையைப் பலப்படுத்தியபோது பொக்லைன் வந்தது. அதற்குப் பிறகு கல்லைக் காணவில்லை. மண்ணுக்குள் இருக்கிறதா, உடைந்து கரைக்குள் போனதா, யாருக்கும் தெரியாது. அச்சான நடுகல் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன், அதில் அது இல்லை. வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கிய நான் அந்த ஒரு வரியைப் படியெடுத்து வைக்கவில்லை. பல்லவரைப் பற்றி 112 பக்கம் எழுதினேன்.

அதனால் பிள்ளைகளே, உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். போகும்போது ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு டார்ச் போதும். எழுத்து தெரியவில்லை என்று சாக்கட்டியால் அதன் மேல் கோடு இழுக்காதீர்கள், மாவு பூசாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாக எழுந்து நிற்கும். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் தெரியும். கல்லுக்குப் பூசை செய்கிறவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் படியெடுப்பது, எடுக்க வேண்டுமென்றால் அனுமதியோடு, தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பட்டியலைக் கொடுக்கும் முன் அந்தப் பிள்ளை எந்த ஊர், வீட்டில் என்ன தொழில் என்று கேளுங்கள்.

அன்றைக்கு வந்த இரண்டு பெண்களில் ஒருத்தியிடம் நான் அதைத்தான் கேட்டேன். "எங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல சார். திரௌபதை அம்மன் கோயில் ஒண்ணு இருக்கு, அவ்ளோதான்." பாரதம் நடக்குமா என்றேன். நடக்கும், பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்துக்குச் சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வரும் என்றாள். மண்ணில் துரியோதனனை யார் செய்வது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "எங்க தாத்தாதான் சார்" என்றாள்.

தரையில் மல்லாந்து கிடக்கிற அந்த மண் உருவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டளவு மண்ணைக் குவித்து, நனைத்து, மிதித்து, கையாலும் மட்டப்பலகையாலும் இழைத்துச் செய்வது. கூத்தாடும் பீமன் அதன் மேல் ஏறி நின்று அடவு போட்டாலும் சரியக் கூடாது. தொடையில் சிவப்புத் தண்ணீர் வைத்த இடம் பீமன் அடிக்கிற அடியில் சரியாக உடைய வேண்டும். திரௌபதை கூந்தல் முடிந்த பிறகு ஜனங்கள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். மறுநாள் அங்கே ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டி அழிக்கிற ஒரு கட்டடம் அது. மண் எந்த ஏரியிலிருந்து வருகிறது, எடுக்கும் உரிமை யாருடையது, முதல் கூடையை யார் போடுவது, அளவு எங்கிருந்து வந்தது, தாத்தாவுக்குப் பிறகு யார்? அவள் எழுத வேண்டியது இதைத்தான் என்று சொன்னேன். "இதெல்லாம் ஆய்வுன்னு ஒத்துக்குவாங்களா சார்?" என்றாள். ஒத்துக்கொள்ள வைப்பது என் பொறுப்பு, அவள் துறைக்கு நானே நேரில் வருகிறேன் என்றேன். வருவேன்.

இந்த வாரம் அவள் ஊரில் படுகளம். முந்தாநாள் ராத்திரி வாட்ஸப்பில் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். உச்சி முதல் பாதம் வரை தாத்தா நாற்பத்தொரு அடி வைத்திருக்கிறார். டேப் போட்டால் கணக்கு ஒத்துவரவில்லையாம். யார் அடி தாத்தா என்று கேட்டிருக்கிறாள். அவர் தன் காலை நீட்டிக் காட்டினாராம், அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம். கடைசிப் பக்கத்தில் அந்தப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: ஒன்பதேமுக்கால் அங்குலம்.