எல்லா லேப்டாப்பிலும் ஆப்டிகல் ஒலி வராது

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் சர்வீஸ் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "எந்த லேப்டாப்பாக இருந்தாலும் ஹெட்போன் துளையில் சின்ன அடாப்டர் மாட்டி ஆப்டிகல் கேபிளைச் செருகினால் போதும், வெளியே வைத்திருக்கும் டேக் கன்வெர்ட்டருக்கு டிஜிட்டல் ஒலி போய்விடும்." (டேக், அதாவது DAC, என்பது டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் ஏற்ற அனலாக் ஒலியாக மாற்றும் கருவி.)

இது தவறு. அந்த அடாப்டர், கேபிள் முனையைத் துளைக்குப் பொருந்த வைக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஆப்டிகல் கேபிளில் போவது மின்சாரம் அல்ல, ஒளி. அந்த ஒளியைத் தரும் சிவப்பு எல்இடி துளைக்குள்ளேயே இருக்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் அது கிடையாது. பழைய மேக்புக் ப்ரோக்களில் இருந்தது. 2016 மாடலில் ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. இரண்டு வகைத் துளையும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். குழப்பம் வந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மாடலைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடி, ஆடியோ விவரத்தில் 'ஆப்டிகல் டிஜிட்டல் அவுட்புட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

சரி, இல்லையென்றால்? லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் மாட்டும் டேக் வாங்குங்கள். ஒலி டிஜிட்டலாகவே போகும். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்தே இப்படிப்பட்ட கருவிகள் பயன்படுத்தும் யூஎஸ்பி ஆடியோ 2.0 முறைக்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது. மேக்கிலும் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

முகூர்த்த நேரத்தில் பாட்டு வராமல் ஒரு தொழிலாளி திண்டாடக்கூடாது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.