விட்டுப் போக மறுத்த ராணி

இடைக்கால ஐரோப்பாவில் பெரிய இடத்துப் பெண்களின் மணமுறிவு என்று பேச்சு வந்தாலே எல்லோரும் அக்விடைன் எலினோரைத்தான் எடுப்பார்கள். 1152 மார்ச்சில் பிரான்ஸ் மன்னன் ஏழாம் லூயியோடு நடந்த கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மே மாதமே பின்னாளில் இங்கிலாந்து மன்னனான ஹென்றியைக் கட்டிக்கொண்டார். துணிச்சல்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கையில் அக்விடைன் என்ற பெரிய நாடே சொந்தமாக இருந்தது. போய் நிற்க இடம் இருந்தது. அப்படியும் இரண்டு மகள்களைத் தகப்பனிடம் விட்டுவிட்டுத்தான் போனார்.

எனக்கு மனதில் நிற்பவர் இங்கபோர்க். டென்மார்க் இளவரசி, அப்போது வயது பதினெட்டு இருக்கும். 1193 ஆகஸ்ட் 14 அன்று அமியான் நகரில் பிரான்ஸின் இரண்டாம் பிலிப்புக்கும் இவருக்கும் திருமணம். மறுநாள் முடிசூட்டு விழாவிலேயே மாப்பிள்ளை முகம் வெளிறி நடுங்கினாராம். அத்தோடு சரி, இந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

திருச்சபையில் அன்று விவாகரத்துக்கு இடமில்லை. முதலிலிருந்தே கல்யாணம் செல்லாது என்று நிரூபித்தால்தான் விடுதலை. அதற்குத் தோதாக ஏழு தலைமுறை வரை ரத்த சம்பந்தம் கூடாது என்று விதி இருந்தது. 1215இல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள். அரச குடும்பங்களெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. தேடினால் ஏதாவது உறவு கிடைக்கும். எலினோர் விஷயத்தையே பாருங்கள்: லூயியோடு உறவுமுறை என்று பிரித்தார்கள், ஹென்றியும் அதே அளவு நெருங்கிய சொந்தம்தான்! சொந்தத்துக்குள் கல்யாணத்தைத் தடுக்க வந்த விதி, ஆணுக்குப் பின்வாசலாகப் பயன்பட்டது என்பதே என் கருத்து.

பிலிப் அதற்கும் மேலே போனார். இறந்துபோன முதல் மனைவிக்கும் இங்கபோர்க்குக்கும் உறவு, அதனால் தனக்கும் ஆகாது என்று ஒரு வம்சாவளியை ஜோடித்தார். கொம்பியேனில் கூடிய சபைக்குத் தலைமை தாங்கியவர் மன்னனின் தாய்மாமனான பேராயர். அந்த உறவு உண்மை என்று சத்தியம் செய்தவர்களில் பெரும்பாலோர் மன்னனின் உறவினர்கள். அந்தப் பெண்ணுக்கு பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பைச் சொன்னதும் தெரிந்த லத்தீனில் கத்தினார்: "மாலா ஃப்ரான்சியா! ரோமா! ரோமா!" பொல்லாத பிரான்ஸே, நான் ரோமுக்கு மேல்முறையீடு செய்கிறேன் என்று அர்த்தம்.

இங்கபோர்க்கின் அண்ணனான டென்மார்க் மன்னன் அனுப்பிய ஆட்கள் சரியான வம்சாவளியோடு ரோமுக்குப் போனார்கள். 1195இல் போப் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். பிலிப் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மறு வருஷம் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். 1200இல் அடுத்த போப் மூன்றாம் இன்னொசென்ட் பிரான்ஸ் மீது தடை விதித்து தேவாலயங்களை மூட வைத்தார். பிலிப்பின் சொந்த மகன் கல்யாணத்தையே எல்லை தாண்டி நார்மண்டியில் நடத்த வேண்டியதாயிற்று. ஆக்னஸ் 1201இல் இறந்துபோனார். அவர்மீதும் எனக்கு இரக்கம் உண்டு, அவரையும் கேட்டா செய்தார்கள்?

இங்கபோர்க் மட்டும் பிலிப் அடைத்து வைத்த காவலிலேயே கிடந்தார். 1203இல் போப்புக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் வயிறு கலங்கும். சாப்பாடு போதவில்லை, உடுத்தத் துணி போதவில்லை, குளிக்க விடுவதில்லை, வைத்தியர் இல்லை. கூடவே ஒரு வேண்டுகோள்: என்னை வற்புறுத்தி இந்தத் திருமணத்துக்கு எதிராக ஏதாவது சொல்ல வைத்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடைபட்ட அறைக்குள் இருந்துகொண்டு, நாளை தன் வாயிலிருந்து பிடுங்கப்படக்கூடிய வார்த்தையை இன்றே செல்லாததாக்கி வைத்தார்! எந்த வக்கீலுக்கும் சளைத்ததில்லை அந்த மூளை.

புருஷன் துரத்தியும் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தாளே, இது அடிமைத்தனம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது பிலிப்பின் அன்பை இல்லை, ராணி என்ற உரிமையை. பொய் சாட்சியில் பிறந்த தீர்ப்புக்குத் தலையாட்ட மறுத்தார். வெளியேறும் பெண்ணை மட்டும் வீரி என்று கொண்டாடும் கண்ணுக்கு இந்தப் போராட்டம் தெரியாமலே போகிறது.

1213இல், இங்கிலாந்து மீது படையெடுக்கும் திட்டம் வந்தபோதுதான் பிலிப் அவரை மீண்டும் ராணியாக ஏற்றார். மனம் மாறியதால் அல்ல, அரசியல் தேவை. 1223இல் பிலிப் இறந்த பிறகும் பத்து வருஷத்துக்கு மேல், பிரான்ஸின் விதவை ராணி என்ற மரியாதையோடு இங்கபோர்க் வாழ்ந்தார்.