செல்லோவை விட்டுவிட்டு வரவில்லை, செல்லோவோடு வந்தார்கள்

அந்த ஆண்டு விழா வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். கதை உங்களுக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் மூன்று செல்லோவில் (வயலின் குடும்பத்துப் பெரிய வில் வாத்தியம்), அபோகலிப்டிகா என்ற பின்லாந்துச் செல்லோ குழுவின் பாணியில், மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் (கனத்த ராக்) குழுவின் ஒரு பாட்டை வாசித்தார்கள். முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, இது செல்லோவுக்கே அவமரியாதை, முதலில் பாக் (பழைய ஜெர்மன் இசையமைப்பாளர்) வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இந்தக் கூத்தெல்லாம் அப்புறம் என்றார். அரங்கம் கைதட்டியது. நடுவில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கவே இல்லை.

அந்த விருந்தினரின் பெயரை நான் எழுத மாட்டேன். பின்னூட்டத்தில் யாராவது எழுதினால் நீக்கிவிடுவேன். அவர் வாசிப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்று அவர் சொன்னது தவறு. தவறான இடத்தில், தவறான வயதுக்காரர்களிடம் சொன்ன தவறு.

அபோகலிப்டிகா என்றால் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுகிற கூட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஹெல்சிங்கியில் சிபேலியஸ் அகாடமி மாணவர்கள். பின்லாந்தில் இசை படிக்க அதைவிடப் பெரிய இடம் கிடையாது. எய்க்கா டொப்பினென், பாவோ லொட்யோனென், மாக்ஸ் லில்யா, அன்டெரோ மன்னினென் என்று நான்கு பேர். 1993இல் சேர்ந்தார்கள். பகலில் பாடத்திட்டம், மற்ற நேரத்தில் தங்களுக்குப் பிடித்த மெட்டாலிகா. 1996இல் முதல் ஆல்பம் வந்தது. மெட்டாலிகாவின் எட்டுப் பாட்டுகள். டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை, பாடகர் இல்லை. நான்கு செல்லோ மட்டும். பின்னால் வந்து சேர்ந்த பெர்ட்டு கிவிலாக்சோ ஹெல்சிங்கி ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வாசித்தவர். இவர்களைப் பார்த்தா "முதலில் கற்றுக்கொள்" என்பது? இவர்கள் செல்லோவை விட்டுவிட்டு ராக்குக்குப் போகவில்லை. செல்லோவோடு போனார்கள்.

ஒரு மெட்டல் பாட்டை நான்கு செல்லோவில் கொண்டுவருவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். பாடகரின் குரலை ஒருவர் ஏ தந்தியின் மேல்பகுதியில், கட்டைவிரலைத் தந்திமேல் அழுத்தி வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். அங்கே சுருதி ஒரு இழை நகர்ந்தாலும் காது கூசும். கிதாரில் உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் அந்த வெட்டு வெட்டான ஓசைக்கு, வில்லின் அடிப்பகுதியைத் தந்தியில் அழுத்தி, சின்னச் சின்ன வீச்சாக, வேகம் குறையாமல் பாட்டு முடியும்வரை இழுக்க வேண்டும். முதல் ஆல்பத்தில் தாளமும் அந்த வில்லிலிருந்துதான் வந்தாக வேண்டும், டிரம்ஸ்தான் இல்லையே. மணிக்கட்டு தளர்வாக இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே கை செத்துவிடும். அந்தத் தளர்வு எங்கிருந்து வருகிறது? அதே பாக், அதே பயிற்சிப் புத்தகங்கள், அதே வருடக்கணக்கான சாதகம். அன்று மேடையில் இருந்த பிள்ளைகளின் வில் பிடியைப் பார்த்தேன். ஒழுங்காகக் கற்ற பிள்ளைகள். கற்காதவர்களால் அதை வாசிக்கவே முடியாது என்பதுதான் என் முழு வாதமும்.

பாக் என்றாரே, அதையும் பேசுவோம். இன்று நாம் கும்பிடும் பாக்கின் அந்த ஆறு தனிச் செல்லோ சூட்டுகளை (நடன இசைத் தொகுப்புகளை) வெகுகாலம் பயிற்சிப் பாடமாகத்தான் பார்த்தார்கள். ஸ்பெயினின் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் பதிமூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய இசைக்கடையில் அந்த நொட்டேஷனைக் கண்டெடுத்து, வருடக்கணக்கில் உழைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். 1930களின் பிற்பாதியில் ஆறையும் பதிவு செய்தார். செல்லோவுக்கு எது தகும் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் செல்லோ வாசித்தவர்கள்.

இன்னொருவர் வில்லா லோபோஸ். பிரேசில்காரர், செல்லோ வாசித்தவர், ரியோவின் தெருவிசைக்காரர்களோடு சுற்றியவர். 1930இல் பாக்கையும் தன் ஊர் இசையையும் ஒன்றாகப் போட்டு, செல்லோக்கள் மட்டுமே உள்ள குழுவுக்கு ஒரு படைப்பு எழுதினார். பிறகு எட்டுச் செல்லோவும் ஒரு பெண் குரலும் சேர்ந்த இன்னொன்று. இன்று அது உலகமெங்கும் கச்சேரி அரங்குகளில் ஒலிக்கிறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பன்னிரண்டு செல்லோக்காரர்கள் 1970களிலிருந்து தனிக் குழுவாக வாசிக்கிறார்கள். பீட்டில்ஸ் வாசிக்கிறார்கள், டாங்கோ வாசிக்கிறார்கள். அமெரிக்காவில் போர்ட்லாந்து செல்லோ புராஜெக்ட் என்ற குழு ராக் பாடகர்களோடும் நாட்டுப்புறப் பாடகர்களோடும் மேடை ஏறுகிறது. பெர்லின்காரர்களிடம் போய் "முதலில் பாக் வாசியுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சொல்லலாம்.

இப்போது வரப்போகிற கேள்விகள் எனக்குத் தெரியும்.

"வெறும் நகல் குழுதானே?" இல்லை. 2000இல் வந்த அபோகலிப்டிகாவின் மூன்றாவது ஆல்பத்தில் பெரும்பகுதி அவர்களே எழுதியது. அதே ஆல்பத்தில் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கும் இருக்கிறார்.

"ஒலிபெருக்கியும், ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் போட்டால் செல்லோவின் இயல்பான நாதம் போய்விடுமே?" போகிறது, ஒத்துக்கொள்கிறேன். வேறொரு நாதம் வருகிறது, அதுவும் செல்லோவிலிருந்துதான் வருகிறது. பிடிக்காவிட்டால் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள்.

"பிரபலப் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டது காசுக்காகத்தானே?" இதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிற கேள்வி. 2003 ஆல்பத்தில் ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் டேவ் லொம்பார்டோ டிரம்ஸ் வாசித்தார். ஜெர்மன் பாடகி நினா ஹாகென், ராம்ஸ்டைன் என்ற ஜெர்மன் மெட்டல் குழுவின் பாட்டு ஒன்றைப் பாடினார். 2007இல் வேறு மெட்டல் குழுக்களிலிருந்து, ஸ்லிப்நாட்டின் கோரி டெய்லர், லாகூனா காய்லின் கிறிஸ்டினா ஸ்காபியா, ராம்ஸ்டைனின் டில் லிண்டமன் வந்து பாடினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் செல்லோ வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கத்துகிற குரலுக்குக் கீழே ஒரு மாதிரி, ஜெர்மன் உச்சரிப்பின் கனத்துக்கு இன்னொரு மாதிரி. அடுத்தவர் குரலுக்கு இடம் விடக் கற்பது வித்தை இல்லையா? 2015இல் ஒரே பாடகரை வைத்து ஒரு ஆல்பம் செய்தார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரி, அதற்கென்ன? 2020இல் பாடகரே இல்லாமல் முழுக் கருவியிசையாக ஒன்று செய்தார்களே. காசு மட்டுமே குறி என்றால் அதை ஏன் செய்ய வேண்டும்? 2024இல் மறுபடி மெட்டாலிகாவை எடுத்தபோது அந்தக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் ராபர்ட் ட்ரூஹியோவும் ஒரு பாட்டில் வந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு இல்லாத வருத்தம் நம் ஊர் மேடையில் ஒருவருக்கு வருகிறது.

ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று சிலர் நினைக்கலாம். என் அப்பா சினிமா ரெக்கார்டிங்கில் செல்லோ வாசித்தவர். காலைக் கால்ஷீட் என்றால் விடியும் முன்பே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஸ்டுடியோவில் நொட்டேஷன் கையில் வந்ததும் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். ஒன்றிரண்டு ஒத்திகை, அப்புறம் டேக். ஒருவர் பிசகினால் மொத்தப் பேரும் திரும்ப வாசிக்க வேண்டும். அவரால் யாரும் திரும்ப வாசித்ததில்லை என்று அவரோடு வாசித்தவர்கள் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். வீட்டில் அவர் சாதகம் செய்தது எதை? பாக்கைத்தான். சாப்பாட்டுக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு.

ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்யாணம் காட்சி என்று கூடினால், கச்சேரி வித்வான்களைப் பற்றிப் பேச்சு வரும்போது அப்பா வாய் திறக்க மாட்டார். பெரியப்பா ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார்: "அவன் சினிமாவுக்கு இழுக்கிறவன், அவன்கிட்ட என்ன கேக்கறது?" அப்பா சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அம்மாவுக்கு அன்று முழுக்கப் பேச்சே வரவில்லை. பெரியப்பாவும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். நான் அதை மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

"உங்கள் சொந்தக் கதையை இதில் ஏன் கலக்கிறீர்கள்?" என்பீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதால். எங்கே வாசிக்கிறாய், யாரோடு வாசிக்கிறாய் என்று பார்க்கிறவர்கள் எப்படி வாசிக்கிறாய் என்று கேட்பதே இல்லை. மேடை மாறினால் கை மாறிவிடுமா? அப்பாவின் கை மாறவில்லை. ஹெல்சிங்கிக்காரர்களின் கையும் மாறவில்லை.

"கண்டிப்பது குருவின் உரிமை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். குருவின் உரிமைதான். வகுப்பறையில், கதவைச் சாத்திவிட்டு. அவர் அந்தப் பிள்ளைகளின் குருவும் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பாட்டை மூன்று செல்லோவுக்குப் பிரித்து எழுதிக்கொடுத்த ஆசிரியை மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. அந்தப் பிரிப்பில் குறை இருந்தால் அவரிடம் பேசியிருக்கலாமே. இரண்டாவது செல்லோவுக்கு அவர் எழுதியிருந்த இடைக்குரல் அவ்வளவு அழகு. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

விழா நடத்தியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்போது சுற்றுகிற வீடியோ விருந்தினர் மைக்கை வாங்குவதிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைகள் வாசித்தது அதில் இல்லவே இல்லை. திட்டுகிறவர்களும் பரிதாபப்படுகிறவர்களும் அவர்கள் வாசித்த ஒரு சுரத்தைக்கூடக் கேட்டதில்லை. நான் அன்று அரங்கில் இருந்ததால் கேட்டேன். உங்கள் கேமரா முழுவதையும் பதிவு செய்தது. அந்த வாசிப்பை முதலிலிருந்து கடைசிவரை, வெட்டாமல், அந்த ஆசிரியையின் பெயரோடு உங்கள் பக்கத்தில் போடுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் யார் வேண்டுமானாலும் என்னோடு சண்டைக்கு வரட்டும்.