மழையை மட்டும் காரணம் சொல்ல வேண்டாம்
மழை கூடக் கூட மலைக்காட்டு மண்ணின் சத்து கரைந்து ஏரிக்குப் போய்விடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. நான் மும்பையின் முலுண்டு பகுதியில் இருக்கிறேன். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனாலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் துளசி ஏரி இன்றும் குடிநீர் தருகிறது. கொஞ்ச தூரத்தில், அதே மழையில், கழிவுநீர் கலக்கும் பொவாய் ஏரியில், அந்தக் கழிவின் சத்தில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. மண்சத்துகளில் நைட்ரேட் தண்ணீரோடு சுலபமாகப் போகும், அதுவும் கோடை முடிந்து வரும் முதல் மழைகளில், சரி. ஆனால் பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளில் ஒட்டியிருப்பது, மண் அரித்தால்தான் அதிகம் போகும். அரிக்காமல் பிடித்து வைப்பது வேர்கள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1965-இல் ஒரு நீர்ப்பிடிப்பு (ஒரே ஓடைக்கு மழைநீர் வடியும் பகுதி) முழுவதும் மரங்களை வெட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு ஓடையில் நைட்ரேட் பல மடங்கு ஏறியது. வெட்டாத பக்கத்து நீர்ப்பிடிப்பில் அப்படி ஏறவில்லை.