பந்தை அதிகம் இழந்தது சியாட்டில்தான்

2015 ஜனவரி 18 அன்று நடந்த என்எப்சி (அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் 28-22 எனத் தோற்றதற்கு டர்ன்ஓவர்களே (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பதே) காரணம் என்று சொல்வது தவறு. பந்தை 5 முறை பறிகொடுத்தது வென்ற சியாட்டில் சீஹாக்ஸ். பேக்கர்ஸ் பறிகொடுத்தது 2 முறைதான். முதல் கால்பகுதியில் இருமுறை கோல் கோட்டுக்கு ஒரு கெஜத்துக்குள் வந்தும், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் டச்டவுனை (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது; கூடுதல் உதையும் சேர்த்து 7 புள்ளி) தேடாமல் ஃபீல்டு கோலோடு (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைப்பது; 3 புள்ளி) பேக்கர்ஸ் நிறுத்திக்கொண்டதால், 14 புள்ளிகள் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் 6 மட்டுமே கிடைத்தன. கடைசி நிமிடங்களில் பேக்கர்ஸ் வீரர் பிராண்டன் பாஸ்டிக்கின் கைக்கு வந்து நழுவிய ஆன்சைடு கிக் (உதைத்த அணியே பந்தை மீட்கப் பார்க்கும் குறுகிய உதை) டர்ன்ஓவர் கணக்கில் சேராது, ஆனாலும் என் பார்வையில் அதுவே பேரிழப்பு. நான்கு முறை எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்த சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சன், கூடுதல் நேரத்தில் சக வீரர் ஜெர்மெய்ன் கியர்ஸுக்கு 35 கெஜத் தூரத்தில் டச்டவுன் வீசினாரே, அதைத் திறமை என்றுதான் சொல்ல வேண்டும்.